வண்ணத் தாள்களுக்குப் பதில் கடுகும் மணலும்: சேகர மழலையர் பள்ளிகளின் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான தாளாளர்களுக்கும், பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர்களுக்கும், பள்ளிக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

பள்ளி திறக்குமுன் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கான சாமான் பட்டியல் தங்கள் கையெழுத்துக்கு வரும். நான்கு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, வேதாகமப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம், சார்ட், ஜிகினா, கோந்து என்று அது நீளும். அதில் பாதியை அடித்துவிட்டு வேறு சில சாமான்களை எழுதச் சொல்லித்தான் இந்த மடல். அவற்றில் எதுவும் விலை கூடியதில்லை. ஆனால் கூடவே நேரமும் தரையும் தண்ணீரும் வேண்டும். அவை தங்கள் அனுமதி இல்லாமல் ஆசிரியைகளான எங்களுக்குக் கிடைக்காது.

நோவாவின் பேழைப் படத்துக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை பேழையைப் பற்றி எதையும் கற்பதில்லை, கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான் கற்கிறது. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டிகள் சுவர் நிறையத் தொங்குகின்றன. வெட்டியது டீச்சர், ஒட்டியது டீச்சர், பிள்ளையின் பங்கு ஒரு விரல் கோந்து. இருபது ஆடும் ஒரே அச்சில் இருந்தால் அது யாருடைய கைவேலை என்று பெற்றோருக்கும் தெரியும். இத்தனைக்கும் இயேசு சொன்ன உவமைகளில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான்களே நிறைய: கடுகு, மாவு, காசு, மணல், விளக்கு, வலை. அவற்றைப் படமாக்கித் தாளில் அடைத்தது நாம்தான்.

கடுகில் தொடங்குகிறோம்: விதைகளில் எல்லாம் சிறிய கடுகு மரமாகி, பறவைகள் அதன் கிளையில் வந்து தங்கும் என்ற உவமை. ஒரு தேக்கரண்டிக் கடுகு ஐம்பது பிள்ளைகளுக்குத் தாராளம். ஆளுக்குப் பத்து விதை போதும். அகலமான பாட்டில் மூடியில் பஞ்சை விரித்து நனைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் ஈரம் தெரியலாம், தண்ணீர் ததும்பக் கூடாது. ததும்பினால் விதை மூச்சு முட்டி அழுகும், மூன்றாம் நாள் நாறும். பிள்ளை ஆள்காட்டி விரலை ஈரமாக்கிக் கடுகின்மேல் ஒற்றி, ஒட்டியதைப் பஞ்சில் வைக்கட்டும். பென்சில் பிடிக்கப்போகும் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த நோட்டிலும் இல்லை. திங்கட்கிழமைதான் விதைக்க வேண்டும். புதன்கிழமை வெள்ளை வேர் தெரியும், வெள்ளிக்கிழமை பச்சை இலை விரியும். வியாழன், வெள்ளியில் விதைத்தால் சனி ஞாயிறு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துபோகும். திங்கட்கிழமை காலையில் இருபது பிள்ளைகளுக்கும் ஏமாற்றம். கடைக் கடுகு சில சமயம் பழசாக இருக்கும் என்பதால் முந்தின வாரமே இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. பதினைந்துக்குக் குறைவாக முளைத்தால் பாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். மூடிகளைத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவே ஒரு பலகைமேல் வைத்தால் வராது. பஞ்சில் ஒரு வாரத்துக்குமேல் செடி நிற்காது, மண்ணுக்கு மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும், கடுகு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் எரியும்.

யு.கே.ஜி. பிள்ளைகள் கசகசாவைக் காட்டி, “மிஸ், இது இன்னும் சின்னது” என்பார்கள். சொல்லட்டும். உவமையைக் கேட்டவர்கள் தங்கள் நிலத்தில் விதைத்த விதைகளை வைத்துப் பேசிய பேச்சு அது. இரண்டு விதைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைக்கு விசுவாசம் குறையாது. “இது எப்போது மரமாகும்?” என்றும் கேட்பார்கள். நம் ஊர்க் கடுகுச் செடி ஓர் ஆள் உயரத்துக்குள் நின்றுவிடும். இயேசு வாழ்ந்த கலிலேயா பக்கம் வளரும் கருங்கடுகு அதற்குமேலும் போகும், அதன் கிளையில் சிட்டுக்குருவி உட்காரும். அவ்வளவு பதில் போதும்.

அடுத்தது மணல்மேல் கட்டிய வீடும் கன்மலைமேல் கட்டிய வீடும்; வெள்ளம் வந்தபோது முதலாவது விழுந்தது, பாறைமேல் இருந்தது நின்றது என்ற கதை. பாட்டும் அபிநயமுமாக எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, நிஜத் தண்ணீரோடு செய்ய முயன்றவர்கள் பலர் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது: செய்து பார்த்தால் மணல்மேல் கட்டிய வீடு விழுவதில்லை! ஈர மணல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் வீடு கம்பீரமாக நிற்கும். இன்னும் மோசமாக, காலித் தீப்பெட்டியை வீடாக வைத்தால் கன்மலைமேல் இருப்பது மிதந்து போய்விடும். கதை தலைகீழாகிவிடும், டீச்சர் அவசரமாகக் கையால் தட்டிவிட வேண்டிவரும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருப்பார்களா?

சரியாக வர இவ்வளவு வேண்டும். சுமார் 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஆழமான பிளாஸ்டிக் தட்டு. ஒரு பாதியில் தட்டையான கருங்கல், மறு பாதியில் நன்றாகக் காய்ந்த மணல் 4 செ.மீ. உயரத்துக்கு. 2 செ.மீ. மட்டும் போட்டால் அரிப்பு தெரியாது. இரண்டு தீப்பெட்டிகளிலும் கூழாங்கற்களை நிரப்பி செல்லோ டேப்பால் முழுக்கச் சுற்றினால் மிதக்காத வீடுகள் ஆயின. தட்டின் ஒரு முனைக்கு அடியில் 3 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் வைத்துச் சாய்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை வீட்டின் தலையில் கொட்டக் கூடாது. மேட்டு விளிம்பில் ஊற்றினால் அது அஸ்திவாரத்தை நோக்கி ஓடும். மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வீடு சாயும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஊற்றுவது பிள்ளையின் கையாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் குழு முடித்ததும் மணல் நனைந்துவிடும், அடுத்த குழுவுக்கு உதவாது. ஆகவே இரண்டு தடவைக்கான மணல் வேண்டும், ஒன்று வெயிலில் சாக்கின்மேல் காயும்போது மற்றது வகுப்பில். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 கிலோ. இப்போது ஆற்றுமணல் கிடைப்பது அரிது, கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டில் தூள் அதிகம். அதை நான்கைந்து தடவை அலசிக் காயவைத்தால்தான் பயன்படும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், தூசியும் பிள்ளைகளின் மூக்கில் ஏறும்.

கொஞ்சம் புளித்த மா மாவு முழுவதையும் புளிக்கவைக்கும் என்ற உவமைக்கு இட்லி மாவுதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கம். ஆனால் அது பொங்க இரவு முழுக்க வேண்டும், மழலையர் பள்ளியோ மதியத்துக்குள் விட்டுவிடும். கண்முன் பொங்க வேண்டுமானால் ஈஸ்ட் வேண்டும். அரை கப் மைதா, அரை தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரை தேக்கரண்டி சர்க்கரை, கால் கப்புக்குச் சற்று அதிகமான வெதுவெதுப்பான தண்ணீர். இன்னொரு பாட்டிலில் ஈஸ்ட் மட்டும் இல்லாமல் அதே கலவை. இரண்டும் கண்ணாடிபோல் தெரியும் பாட்டிலாக இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பக் கூடாது. மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். நம் ஊர்ச் சூட்டில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று ரப்பர் பேண்டைத் தாண்டியிருக்கும், மற்றது அப்படியே கிடக்கும். மூடியைத் திருகி மூடக் கூடாது, உள்ளே வாயு சேரும். துணி போட்டால் போதும். பொங்காமல் போனால் பெரும்பாலும் தண்ணீர் சூடு அதிகமாகி ஈஸ்ட் செத்திருக்கும். முழங்கையில் விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. பிரித்த பாக்கெட்டை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தாலும் இதே கதிதான். காலையிலேயே ஒரு சிட்டிகையைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் நுரைக்கும்.

காணாமற்போன வெள்ளிக்காசு, எண் பாடத்துக்கு எங்களுக்குப் பிடித்த கதை: பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டுபிடிக்கிறாள். காணாமற்போன ஆட்டின் கதையில் வரும் நூறு ஆடு நான்கு வயதுக்கு வெறும் சத்தம். பத்துக் காசு கைக்குள் அடங்கும் கணக்கு. நிஜக் காசைக் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். ஓர் அட்டையில் 3.2 செ.மீ. விட்டத்தில் ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டால் அதற்குள் நுழையும் எதுவும் பிரி-கே.ஜி. வகுப்புக்கு ஆகாது என்று முடிவெடுக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடியும் அதில் நுழைந்துவிடும். தச்சரிடம் சொல்லி 4 செ.மீ. மர வில்லைகள் வெட்டினால் வருடக்கணக்கில் வரும். முப்பது முட்டை வைக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஐந்தைந்தாக இரண்டு வரிசையை வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். (காகித முட்டைத் தட்டு வேண்டாம். அதைக் கழுவ முடியாது, முட்டையின் கிருமி தங்கும்.) பத்துக் குழியில் பத்து வில்லை. ஒன்றை ஒளித்துவைத்தால் எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் காலிக் குழி கண்ணில் படும். ஜன்னலை மூடி டார்ச் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

அந்தப் பெண் வீட்டைப் பெருக்கினாள் அல்லவா? தரையில் டேப்பால் 60 செ.மீ. சதுரம் போட்டு, சிதறிய காகிதத் துண்டுகளை அதற்குள் பெருக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். தோளும் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். பூந்துடைப்பத்தின் பிடியை வெட்டிக் குட்டையாக்கினால் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். ஈர்க்குமாறு வேண்டாம், நுனி பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தும். பெண்பிள்ளைகளை மட்டும் பெருக்கச் சொல்லும் வழக்கம் நம் வகுப்புகளில் தானாகவே நுழைந்துவிடுகிறது, அதைக் கவனித்துத் தடுக்க வேண்டும்.

இயேசு கூட்டத்துக்குப் பகிர்ந்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும் செய்ய மாவுப் பிசைவு. மைதாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்து காயவைக்கும் முறை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் தூத்துக்குடி, நாகர்கோவில் மாதிரிக் கடற்கரைக் காற்றில் அது காயாது. உப்பு ஈரத்தை இழுத்து மீன் கசகசத்துக்கொண்டே இருக்கும். அதைவிட வேகவைத்த மாவு நல்லது: ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சிறு தீயில் மூன்று, நான்கு நிமிடம் கிளறினால் உருண்டு வரும். ஆறியதும் பிசைந்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் வரும். மழைக்காலத்தில் அதற்குமுன்பே பூசணம் பிடிக்கும், பிடித்ததும் தூக்கிப்போட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு முறை செய்யும் அளவு இது. கையில் காயம் இருக்கும் பிள்ளைக்கு உப்பு எரியும், அன்றைக்குக் களிமண் கொடுக்கலாம்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் சாயம் போட்ட அரிசியும் பருப்பும் நிறைய வரும். சோறு சிந்தினாலே கண்டிக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அரிசியைக் கொட்டி விளையாடச் சொல்வது எங்களுக்குச் சம்மதமில்லை. உமி, மணல் போதும். நான்கு வயதுக்குமேல் புளியங்கொட்டை, சோழி. இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து எல்லா ஆசிரியைகளுக்கும் சொல்லுங்கள்: குன்றிமணியை வகுப்புக்குள் விடக் கூடாது. பல்லாங்குழிப் பெட்டியிலும் கைவினைச் சாமானிலும் அது கலந்து வரும். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள அந்த விதையைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பான மஞ்சாடியோடு சேர்ந்து கிடக்கும் என்பதால் இரண்டையும் ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு. ஆமணக்கு விதைக்கும் இதே விதி.

பேழைக்கு 15 செ.மீ. சதுர அலுமினியத் தாள் போதும். நான்கு பக்கமும் 3 செ.மீ. மடித்து மூலையை வெட்டாமல் முறுக்கினால் ஒழுகாது. கூழாங்கற்களை இரண்டிரண்டாக ஏற்றி மூழ்கும்வரை எண்ணலாம். டப்பில் நான்கு விரல் தண்ணீர் போதும், அதற்கும் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் ஆலயத்தில் மிஞ்சும் ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி எங்களிடம் அனுப்பிவையுங்கள். திங்களும் செவ்வாயும்தான் அது வளையும், பிறகு முறியும். பனையோலை மட்டையின் கருக்கு அறுக்கும், ஆகவே சிறு பிள்ளைகளுக்கு ஈர்க்கு நீக்கிய தென்னங்குருத்தோலை. இரண்டு விரல் அகலத்தில் நான்கு கீற்று நெடுக்கே, நான்கு குறுக்கே. முதல் கீற்றை டீச்சர் கோத்துக் கொடுத்தால் மேலே, கீழே என்று சொல்லிக்கொண்டே யு.கே.ஜி. பிள்ளைகள் முடைவார்கள். எல்.கே.ஜி.க்கு இது கைகூடாது, அவர்கள் கீற்றைக் கிழிக்கட்டும். அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் காய்கறியும் ஏலத்துக்குமுன் ஒருமணி நேரம் எங்களிடம் இருந்தால், பூசணியையும் வெண்டைக்காயையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

இனி நேரம். இருபது பிள்ளைகளையும் ஒரே நாளில் ஒரே மேசையில் முடித்துவிட நினைப்பதால்தான் பெரும்பாலான செயல்பாடுகள் கெடுகின்றன. காத்திருக்கும் பிள்ளை தள்ளும், தண்ணீர் கொட்டும், டீச்சர் பிடுங்கித் தானே செய்து முடிப்பார். ஐந்து பேர் ஒரு குழு, நாளுக்கு ஒரு குழு. நான்கு நாளில் இருபது பேர், ஐந்தாம் நாள் பிள்ளைகள் கதையைத் திருப்பிச் சொல்வார்கள். கடுகு மட்டும் விதிவிலக்கு, அது எல்லோருக்கும் திங்கட்கிழமை. ஆக வாரத்துக்கு ஒரு கதைதான் நடக்கும். நிறையக் கதை முடித்தோம் என்று அறிக்கை எழுத முடியாது. அதைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். குழு மேசையில் இருக்கும் நாற்பது நிமிடமும் மற்ற பதினைந்து பேரைப் பார்த்துக்கொள்ள ஆயாம்மா வகுப்பிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரை அலுவலகத்துக்கு டீ வாங்க அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வழுக்காத தரையும் வேண்டும்.

“விளையாடத்தான் ஃபீஸ் கட்டுகிறோமா?” என்று பெற்றோர் தங்களிடம் வந்து கேட்பார்கள். நோட்டில் எழுத்து இல்லாவிட்டால் அடுத்த பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற தங்கள் பயமும் நியாயமானதே. மூன்று, நான்கு வயதில் மணிக்கட்டு எலும்பு இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை. அந்தக் கையில் பக்கம் பக்கமாக ‘அ’ எழுதவைத்தால் பென்சிலைத் தவறாகப் பிடிக்கும் பழக்கம்தான் மிஞ்சும். அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே செயல்பாட்டு வழியில்தான் நடக்கிறது. நாம் அதற்கும் கீழே உள்ள வகுப்பில் பிள்ளையை நோட்டோடு கட்டிவைக்கிறோம். சபைக்கும் இது புதிதில்லை. பிரான்சின் அல்சாஸ் மலைக் கிராமங்களில் போதகராக இருந்த ஓபர்லின் 1770-ஐ ஒட்டிச் சிறுபிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, பின்னல் வேலையும் பாட்டும் செடிகொடிகளை அறிவதுமாக நடந்தது. கிண்டர்கார்டன் என்று 1840-இல் பெயர் வைத்த ஃப்ரோபெல் ஒரு போதகரின் மகன். 1954-இல் ரோம் நகரில் சோஃபியா கவல்லெத்தியும் ஜான்னா கோபியும் மாண்டிசோரி முறையில் தொடங்கிய வேதபாட வகுப்பில் பிள்ளைகள் ஆட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பனையும் சிறு மர உருவங்களாகத் தங்கள் கையாலேயே நகர்த்துகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரையே ஒருநாள் அந்த மேசையில் உட்காரவைத்து மாவு பிசையச் சொன்னால் போதும்.

ஆண்டு விழாக் கண்காட்சிக்கு எங்களிடம் ‘அயிட்டம்’ கேட்காதீர்கள். கேட்டால் மறுபடியும் டீச்சர் கையால் இருபது ஆட்டுக்குட்டி வரும். கோணலான மீனும் பாதி முடைந்த ஓலையும் கண்காட்சிக்கு ஆகும் என்றால் தருகிறோம்.

கடைசியாக, நம் வகுப்புகளில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினரான நமக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ, அங்கீகாரமோ அரசு நிதியுதவியோ பெற்ற பள்ளியில் சமயப் போதனையிலும் வழிபாட்டிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. சேர்க்கைப் படிவத்தில் இதற்கெனத் தனிக் கேள்வியும் கையெழுத்தும் இருக்கட்டும், தமிழில், பொடி எழுத்தில் இல்லாமல். சம்மதம் தராத வீட்டுப் பிள்ளையை மேசையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை. விதைப்பதும் ஊற்றுவதும் பெருக்குவதும் எல்லோருக்கும் பொது. ஜெபமும் மனப்பாட வசனமும் அதற்குமுன் தனியாக, தனி நேரத்தில் நடக்கலாம். கால அட்டவணையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுவது தாளாளரின் வேலை. ஆசிரியை அன்றன்றைக்கு முடிவெடுக்கும்படி விடக் கூடாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தால் மணல் தட்டையும் மாவுப் பாட்டிலையும் கொண்டுவந்து செய்து காட்டுகிறோம். தண்ணீர் சிந்தும், மேசை விரிப்பையும் மினிட்ஸ் புத்தகத்தையும் முன்னாடியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சேகரப் பள்ளிகளின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆசிரியைகள்